திரை கெட்டுப் போகவில்லை

செல்வி மும்பையில் தாராவியில் வசிக்கிறார். விடியற்காலை 3 மணிக்கே அவர் வீட்டில் அடுப்பு எரியும். இட்லி அவிப்பார். கணவர் முருகன் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் விற்று வருவார். மகள் கவிதா பத்தாம் வகுப்பில் தேறியிருக்கிறாள்.

கவிதாவுக்காக ஒரு பழைய மடிக்கணினி வாங்கினார்கள். லேப்டாப் என்று சொல்கிறோமே, அதுதான். மாஹிம் ஸ்டேஷனில் ரயில் ஏறி கிராண்ட் ரோடில் இறங்கினால், கொஞ்ச தூரத்தில் லாமிங்டன் ரோடு. தெரு முழுவதும் மின்னணுக் கடைகள். ஒரு கடையில் 9000 ரூபாய்க்குப் பேரம் முடிந்தது. "விண்டோஸ் வேண்டாம். இந்தப் பழைய மெஷினுக்கு லினக்ஸ்தான் நல்லது" என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னது சரிதான். கணினியை இயக்குவதற்கு ஒரு மென்பொருள் வேண்டும். விண்டோஸ் அப்படி ஒன்று. லினக்ஸும் அப்படி ஒன்று. லினக்ஸின் உயிர்ப்பகுதியை 1991-ஆம் ஆண்டு லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் எழுதினார். பின்லாந்து நாட்டுக்காரர். பிறகு உலகம் முழுவதும் பலர் சேர்ந்து அதை வளர்த்தார்கள். லினக்ஸில் பல வகை உண்டு. பெரும்பாலானவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். விண்டோஸ் 10-க்குக் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பழைய கணினிகள் பலவற்றில் அதற்கு அடுத்த விண்டோஸ் ஏறாது. லினக்ஸ் ஏறும்.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தார்கள். எழுத்தெல்லாம் பெரிது பெரிதாகத் தெரிந்தது. ஓரங்கள் மங்கல். கண்ணாடியில் எண்ணெய் பூசியது போல இருந்தது.

கவிதா பதினோராம் வகுப்பில் சேர வேண்டும். மும்பையில் அதற்குக் கணினி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். மறுநாள் கடைசி நாள். பெயர் எழுதினாள். மதிப்பெண் எழுதினாள். அடுத்து ஒரு சிறு கட்டம் வந்தது. அந்தக் கட்டத்தின் அடியில்தான் 'சரி' என்ற பொத்தான் இருக்க வேண்டும். பொத்தானைக் காணோம். திரைக்குக் கீழே போய்விட்டது. அம்பை எவ்வளவு இழுத்தாலும் அது மேலே வரவில்லை.

கவிதாவின் புகைப்படம் மட்டும் திரையில் தெரிந்தது. செல்வி அதைப் பார்த்தார்.

"ஏட்டி, நீ எப்ப இப்படிக் குண்டானே? கன்னம் ரெண்டும் உப்பிப் போய் இருக்கே!"

கவிதா குண்டாகவில்லை. படம்தான் அகலமாகியிருந்தது. வைத்தியத்துக்கு இதுவே முதல் தடயம். ஆனால் அப்போது இருவரும் அதை யோசிக்கவில்லை.

கடைக்காரருக்குப் போன் செய்தார்கள். "திரை பழசு. மாற்ற வேண்டும். 4500 ரூபாய் ஆகும்" என்றார். மெஷின் விலையில் சரிபாதி! எத்தனை இட்லி விற்றால் அந்தப் பணம் மிஞ்சும் என்று செல்வி மனக்கணக்குப் போட்டார். பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டார்.

அடுத்த சந்தில் ஜெயராஜ் இருக்கிறார். ஒரு அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிக்கும் வேலை. இரவு 9 மணிக்கு அவர் வந்தார்.

"முதல்ல விண்ணப்பத்தை முடிப்போம் அக்கா. வைத்தியம் ஞாயிற்றுக்கிழமை" என்றார்.

கன்ட்ரோல் என்று எழுதிய விசையை அழுத்திப் பிடித்தார். கழித்தல் குறி உள்ள விசையை மூன்று தடவை தட்டினார். பக்கம் முழுவதும் சுருங்கியது. பொத்தான் மேலே வந்துவிட்டது. கவிதா அதை அழுத்தினாள். விண்ணப்ப எண் வந்தது. அதைச் செல்வி தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இணையப் பக்கங்களுக்கு இந்த வழி போதும். மற்ற சன்னல்கள் திரைக்குக் கீழே போனால் வேறு வழி இருக்கிறது. ஆல்ட் என்ற விசையைப் பிடித்துக்கொண்டு, சன்னலின் நடுவில் எங்காவது சுட்டியை அழுத்தி மேலே இழுக்க வேண்டும். பல லினக்ஸ்களில் சன்னல் அப்படியே மேலே நகரும். சிலவற்றில் ஆல்ட்டுக்குப் பதில் விண்டோஸ் படம் போட்ட விசை. இரண்டுமே முதலுதவிதான். நோய் அப்படியே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயராஜ் சொன்னபடி வந்தார். செல்வி டீ போட்டுக் கொடுத்தார்.

"தம்பி, திரையை மாத்தணுமா வேண்டாமா, அதைச் சொல்லுங்க" என்றார்.

"அக்கா, உங்களுக்குப் புள்ளிக்கோலம் போடத் தெரியுமா?"

"இது என்ன கேள்வி? இந்தச் சந்தில் இடம்தான் இல்லை. ஊருக்குப் போனால் வாசல் நிறையப் போடுவேன்."

"திரையும் புள்ளிக்கோலம்தான்."

கணினித் திரையை உற்றுப் பார்த்தால் அது முழுவதும் மிகச் சிறிய புள்ளிகள். எழுத்து, படம், சினிமா எல்லாம் அந்தப் புள்ளிகளால் ஆனவையே. செல்வி வீட்டு மடிக்கணினியின் திரையில் குறுக்கே 1366 புள்ளிகள். மேலிருந்து கீழே 768 வரிசைகள். பெருக்கிப் பாருங்கள். 10 லட்சத்து 49 ஆயிரத்து 88 புள்ளிகள் வரும். இவை ஆலையிலேயே பதித்த புள்ளிகள். கூடாது, குறையாது.

திரைக்குள் எத்தனை புள்ளிகளைக் கொண்டு படம் வரைகிறார்களோ, அதைப் படத்தின் துல்லியம் என்பார்கள். ரெசல்யூஷன் என்று கவிதா சொல்வாள். புள்ளி கூடினால் படம் துலக்கமாக இருக்கும். நிறைய விஷயம் திரையில் அடங்கும். புள்ளி குறைந்தால் எல்லாமே பெரிதாகும். கொஞ்சம்தான் அடங்கும்.

இந்த மடிக்கணினியில் லினக்ஸ் எத்தனை புள்ளிக்கு வரைந்தது? ஜெயராஜ் அமைப்புகள் என்ற இடத்துக்குப் போய், டிஸ்பிளே என்ற சொல்லைத் தட்டினார். 800-க்கு 600 என்று இருந்தது. 4 லட்சத்து 80 ஆயிரம் புள்ளிகள். பாதிகூட இல்லை.

800 புள்ளியில் வரைந்த கோலத்தை 1366 புள்ளி வாசலில் இழுத்து விரித்தால் என்ன ஆகும்? ஒரு புள்ளியை ஒன்றே முக்கால் புள்ளி இடத்தில் தேய்க்க வேண்டும். அதுதான் மங்கல். உயரத்திலும் இழுக்க வேண்டும். ஆனால் அங்கே இழுப்பு குறைவு. 600 வரிசை 768 ஆனால் போதும். அகலத்தில் அதிகமாகவும் உயரத்தில் குறைவாகவும் இழுத்தால் வட்டம் முட்டை வடிவம் ஆகும். கன்னம் உப்பும்.

"திரை உடைந்திருந்தால் கோடு விழும். கறுப்புத் திட்டு தெரியும். ஒரு பக்கம் மட்டும் மினுக்கும். படம் இப்படி ஒழுங்காக அகலமாகாது. இந்தத் திரை நல்லா இருக்கு அக்கா" என்றார் ஜெயராஜ்.

செல்வி டீ டம்ளரைக் கீழே வைத்தார். 4500 ரூபாய் பற்றி அவர் மறுபடி பேசவே இல்லை.

அளவு 800 என்றால், 1366 என்று மாற்றிவிட வேண்டியதுதானே? முதலில் செய்ய வேண்டியதும் அதுதான். டிஸ்பிளே என்ற இடத்தில் அளவுகளின் பட்டியல் இருக்கும். அதில் உள்ள பெரிய அளவைத் தேர்ந்தெடுங்கள். திரை ஒருமுறை கறுத்து மறுபடி வரும். "இதையே வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்கும். பயப்பட வேண்டாம். நீங்கள் பதில் சொல்லாவிட்டால் சில நொடிகளில் பழைய அளவே வந்துவிடும். பலருக்கு வேலை இத்தோடு முடிந்துவிடும்.

ஆனால் இங்கே பட்டியலில் இரண்டே அளவுகள்தான் இருந்தன. 800-க்கு 600. அதைவிடச் சிறிய 640-க்கு 480. 1366 இல்லவே இல்லை.

"ஏன் மாமா இல்லை?" என்று கேட்டாள் கவிதா.

செல்வி கல்யாணமாகித் தாராவிக்கு வந்தபோது அவருக்கு இந்தி தெரியாது, மராத்தியும் தெரியாது. ரேஷன் கடைக்குப் போவதென்றால் பக்கத்து வீட்டு அக்கா கூட வருவார். அவர் பேசினால் அரிசி, கோதுமை, சர்க்கரை எல்லாம் கணக்காக வந்துவிடும். அக்கா வராத நாளில் செல்வி கையைக் காட்டிச் சைகை செய்வார். சைகையில் கிடைத்ததுதான் கிடைக்கும்.

கணினிக்குள்ளும் இதே கதைதான். படம் வரைந்து திரைக்கு அனுப்ப உள்ளே ஒரு சில்லு இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனி சில்லுக்கும் ஒவ்வொரு பேச்சு. லினக்ஸுக்கும் அந்தச் சில்லுக்கும் நடுவே நின்று பேச ஒரு ஆள் வேண்டும். கணினிக்காரர்கள் அந்த ஆளை டிரைவர் என்கிறார்கள். பஸ் ஓட்டுகிற டிரைவர் இல்லை. இது ஒரு சிறு மென்பொருள். டிரைவர் வந்து பேசினால், "என்னிடம் 1366-க்கு 768 இருக்கிறது" என்று சில்லு சொல்லும். டிரைவர் வராவிட்டால் லினக்ஸ் சைகை மொழிக்குப் போய்விடும். எல்லாச் சில்லுக்கும் தெரிந்த பழைய பொது மொழி அது. அதில் 800, 640 போன்ற பழைய அளவுகள்தான் உண்டு.

டிரைவர் வரவில்லை என்பதற்கு வேறு அடையாளங்களும் உண்டு. வீடியோ விட்டு விட்டு ஓடும். உள்ளே விசிறி ஓயாமல் இரையும். திரை வெளிச்சத்தைக் கூட்டும் விசை பல கணினிகளில் வேலை செய்யாது. செல்வி வீட்டில் மூன்றும் இருந்தன.

சரி, டிரைவர் ஏன் வரவில்லை? இன்டெல் கம்பெனிச் சில்லுக்கான டிரைவர் லினக்ஸோடு சேர்ந்தே வருகிறது. தனியாகத் தேட வேண்டியதில்லை. இந்த மடிக்கணினியில் இருந்ததும் இன்டெல் சில்லுதான். டிரைவர் உள்ளேயே இருக்கிறது, ஆனால் பேசவில்லை. யாரோ அதன் வாயைக் கட்டியிருக்கிறார்கள் என்று ஜெயராஜ் சந்தேகப்பட்டார்.

டெர்மினல் என்ற கறுப்புச் சன்னலைத் திறந்தார். அதில் கட்டளைகளை எழுத்தாகவே அடிக்க வேண்டும். கவிதா அடித்தாள். சி, ஏ, டி. ஒரு இடைவெளி. ஒரு சாய்கோடு. பி, ஆர், ஓ, சி. மறுபடி சாய்கோடு. சி, எம், டி, எல், ஐ, என், இ. எல்லாம் சின்ன எழுத்து. எண்டர் விசையைத் தட்டினாள். கணினி விழித்தபோது லினக்ஸுக்கு என்னென்ன உத்தரவு கிடைத்தது என்பது ஒரே வரியில் வந்தது.

கவிதா அதை ஒரே பார்வையில் படித்துவிட்டு, "ஒண்ணும் இல்லையே மாமா" என்றாள்.

செல்வி மாலை வகுப்பில் சேர்ந்து படித்தவர். தமிழும் படித்தார், ரயில் பலகை படிக்க ஆங்கில எழுத்தும் படித்தார். அவர் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகத்தான் படிப்பார். இப்போதும் அப்படியே படித்தார். வரியின் கடைசியில் விரல் நின்றது.

"என், ஓ, எம், ஓ, டி, இ, எஸ், இ, டி. இது என்ன?"

"அதேதான் அக்கா! நோமோட்செட்!" என்றார் ஜெயராஜ்.

நோ என்றால் வேண்டாம். மோட் என்றால் திரையின் அளவும் முறையும். செட் என்றால் அமைப்பது. திரையின் அளவை நீ அமைக்காதே என்று லினக்ஸின் உயிர்ப்பகுதிக்குப் போடும் உத்தரவு இது. 2009-ஆம் ஆண்டு முதல் இன்டெல் சில்லுகளுக்குத் திரை அமைக்கும் வேலையை அந்த உயிர்ப்பகுதியே செய்து வருகிறது. இந்த ஒரு சொல்லைப் போட்டால் அது கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

கடைக்காரர் ஏமாற்றுவதற்காக இதைப் போட்டிருப்பார் என்று நினைக்க வேண்டாம். சில கணினிகளில் லினக்ஸை முதன்முதலாக ஏற்றும்போது திரை கறுத்துப் போகும். அப்போது வேலை நடக்க வேண்டுமே என்று இந்தச் சொல்லைப் போடுவார்கள். ஏற்றும்போது வரும் பட்டியலிலேயே அதற்கு ஒரு வழி உண்டு. 'பாதுகாப்பான' வழி என்று அதற்குப் பெயர். வேலை முடிந்ததும் சொல்லை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்துவிடுகிறார்கள். மறந்தது தவறில்லை. மறந்துவிட்டுத் திரைக்கு 4500 ரூபாய் கேட்டதுதான் தவறு.

சொல்லை எடுப்பதில் இரண்டு கட்டம் உண்டு. முதலில் வெள்ளோட்டம். அதில் ஆபத்து இல்லை.

கணினியை அணைத்து மறுபடி போட்டார்கள். போட்டதுமே கவிதா ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் புதிய கணினிகளில் ஷிஃப்டுக்குப் பதில் எஸ்கேப் விசையைத் தட்ட வேண்டும். ஒரு பட்டியல் வந்தது. இதன் பெயர் க்ரப். லினக்ஸை எழுப்பி விடுகிற காவல்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் நின்று இ என்ற எழுத்தைத் தட்டினாள். உத்தரவுகள் வந்தன. லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசிக்குப் போனாள். நோமோட்செட் என்ற சொல்லை மட்டும் அழித்தாள். பிறகு எஃப் 10 விசையைத் தட்டினாள்.

இந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். ஒருவேளை திரை கறுத்துவிட்டால், அணைத்துப் போட்டால் போதும். பழையபடி 800-க்கு 600 வந்துவிடும். எதுவும் கெடாது. வெள்ளோட்டம் பார்க்காமல் நேராக நிரந்தரமாக மாற்றி மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. படித்த ஆட்களும் அதில் சேர்த்தி.

திரை கறுத்தது. ஒரு நொடி, இரண்டு நொடி. செல்வி முந்தானையை இறுக்கிப் பிடித்தார். பிறகு எழுத்து வந்தது. சின்னச் சின்ன எழுத்து. ஒவ்வொன்றும் ஊசியில் கீறியது போல இருந்தது. அமைப்பில் போய்ப் பார்த்தார்கள். 1366-க்கு 768. கவிதாவின் கன்னமும் பழையபடி ஆகிவிட்டது.

அடுத்து நிரந்தர வேலை. அந்த உத்தரவு ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது. ஈடிசி என்ற உறைக்குள் டிஃபால்ட் என்று ஒரு உறை. அதற்குள் க்ரப் என்ற கோப்பு. ஜெயராஜ் முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்து வைத்தார். தப்பாகிவிட்டால் நகல் கைகொடுக்கும். இந்தக் கோப்பைத் திருத்த கணினி கடவுச்சொல் கேட்கும். டெர்மினலில் கடவுச்சொல் அடிக்கும்போது சில கணினிகளில் திரையில் ஒன்றுமே தெரியாது. நட்சத்திரக் குறிகூட வராது. விசை கெட்டுவிட்டதோ என்று பயப்படாமல் அடித்து முடித்து எண்டர் தட்ட வேண்டும்.

கோப்பில் மேற்கோள் குறிகளுக்கு நடுவே மூன்று சொற்கள் இருந்தன. முதல் இரண்டை விட்டுவிட்டு, மூன்றாவதான நோமோட்செட்டை மட்டும் நீக்கினார்கள். மேற்கோள் குறிகளைத் தொடவில்லை. சேமித்தார்கள்.

இத்தோடு விட்டால் போதாது. காவல்காரருக்குச் செய்தி சொல்ல வேண்டும். உபுண்டு, மின்ட், டெபியன் ஆகிய லினக்ஸ்களில் அதற்கு ஒரு கட்டளை. முதலில் எஸ், யு, டி, ஓ. ஒரு இடைவெளி. பிறகு அப்டேட், ஒரு சிறு கோடு, க்ரப். வேறு சில லினக்ஸ்களில் இந்தக் கட்டளை வேறு மாதிரி இருக்கும். கவிதா அடித்தாள். நாலைந்து வரிகள் ஓடின. அணைத்துப் போட்டார்கள். இப்போது யாரும் எதையும் பிடிக்கவில்லை. தானாகவே 1366 வந்தது.

"எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கே. எனக்குக் கண்ணு எட்டலை" என்றார் செல்வி.

அதற்குப் புள்ளிகளைக் குறைக்கக் கூடாது. அமைப்பில் எழுத்துரு என்ற இடத்தில் எழுத்தின் அளவைத் தனியாகக் கூட்டலாம். எழுத்து பெரிதாகும், மங்காது. கவிதா கூட்டி வைத்தாள்.

இந்தச் செய்தி சந்தில் பரவியது. தையல்காரர் கணபதி தன் வீட்டுக்கும் வரச் சொன்னார். அவரிடமும் ஒரு பழைய லினக்ஸ் மடிக்கணினி. அதன் திரை உண்மையிலேயே உடைந்தது. ஆகவே வெளியே ஒரு பழைய மானிட்டரைக் கேபிளால் மாட்டியிருந்தார். அதிலும் படம் அகலமாகத் தெரிந்தது. 1024-க்கு 768 என்று நின்றது.

செல்வி தன் நோட்டைப் பார்த்து, ஒன்பது எழுத்துகளையும் அந்த வரியில் தேடினார். இல்லை.

"அப்ப வேற நோய்" என்றார் ஜெயராஜ்.

மானிட்டருக்குள் அதன் பெயரும் அளவும் பதிந்திருக்கும். நமக்கு ரேஷன் கார்டு போல. கணினியோடு இணைத்ததும் கேபிள் வழியாக அந்தக் கார்டைக் காட்டும். கார்டு வந்து சேராவிட்டால், எல்லா மானிட்டரும் தாங்கும் ஒரு சாதாரண அளவைக் கணினி கொடுத்துவிடும். கணபதியின் கேபிள் நீல முனை கொண்ட பழைய விஜிஏ கேபிள். கழற்றிப் பார்த்தார்கள். ஒரு ஊசி வளைந்து படுத்திருந்தது. 120 ரூபாய்க்கு வேறு கேபிள் வாங்கி மாட்டினார்கள். அளவு சரியாகிவிட்டது.

சில பழைய மடிக்கணினிகளில் என்விடியா கம்பெனிச் சில்லு இருக்கும். அதில்தான் கொஞ்சம் தொல்லை. பழைய சில்லுகளுக்கான 340 என்ற டிரைவரைக் கம்பெனி 2019-ஆம் ஆண்டோடு கைவிட்டது. 390 என்ற டிரைவரை 2022-ஆம் ஆண்டோடு கைவிட்டது. கடையில் யாராவது அவற்றை ஏற்றியிருந்தால், லினக்ஸைப் புதுப்பித்ததும் அவை நின்றுவிடக்கூடும். திரை மறுபடி சின்ன அளவுக்குப் போய்விடும். அப்போது அந்த டிரைவரை நீக்கிவிட்டு, லினக்ஸோடு வரும் நூவோ என்ற டிரைவரைப் பேச விடலாம். விளையாட்டுகள் மெதுவாக ஓடும். ஆனால் பாடம் படிக்க, விண்ணப்பம் போட, கடிதம் எழுத அது போதும். இந்த வேலையை மட்டும் தெரிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

கடைக்காரர் மறுவாரம் போன் செய்தார். திரை வந்துவிட்டது, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார். செல்வி நோட்டைத் திறந்து, அந்த ஒன்பது எழுத்துகளையும் ஒவ்வொன்றாக அவருக்குப் படித்துக் காட்டினார்.